எழுத்தின் தலைமாடு

என் கையெழுத்து சலவைக்கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது என்று சொன்னால், கோயமுத்தூரில் என்னோடு ஆசிரியைப் பயிற்சிக்குப் படிக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். நான் சொல்வது பொய்யில்லை. அன்னூருக்கு அப்பால், எங்கள் ஊர் மாதா கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கல் இருக்கிறது. "சரி, கல்லறைத் திருநாளுக்கு உன்னோடு வந்து பார்த்துவிடுகிறோம்" என்று அவர்கள் சொல்லும்போதுதான் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் எழுத்து எழுதிய முதல் கை என்னுடையது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் கூச்சம் கிடையாது. ஒன்பது வயதில் கேட்கவே வேண்டாம். அடுப்புக்கரி கையில் கிடைத்தால் சுவர், கதவு, வண்டிப் பலகை எதையும் விடமாட்டேன். எங்கள் வெள்ளாட்டின் முதுகில் பெரிதாக ஒரு 'அ' எழுதி அப்பாவிடம் வசவு வாங்கியிருக்கிறேன். அம்மாவுக்கு என் படிப்பால் பள்ளிக்கூடத்துச் சாமியார் கொடுக்கும் நல்ல பேர் பிடிக்கும். எழுத்தைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. என் எழுத்தையே ஆசையாகப் பார்த்தவள் மாமாவின் மனைவி, என் அத்தை ஒருத்திதான்.

ஒருநாள் தன் பெயரை வாசலில் எழுதிக் காட்டச் சொன்னாள். குச்சியால் எழுதினேன். அவள் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இதுக்குத் தலைமாடு எது கண்ணு?" என்று கேட்டாள். எழுத்தை எந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று நான் வாத்தியார் தோரணையில் விளக்கினேன். அவள் அந்தப் பக்கமாக வந்து நின்று, வெகுநேரம் பார்த்தாள். பிறகு கோழி கிளறிவிடும் என்று சொல்லி, பெரிய கூடை ஒன்றை அதன்மேல் கவிழ்த்துவைத்தாள். அன்று முழுவதும், வேலைக்கு நடுவே வந்து கூடையைத் தூக்கிப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மாமா அதைப் பார்த்து, "பேரு குஞ்சு பொரிச்சுருச்சா?" என்று கேலி செய்தார். சில நாளில் நான் எங்கே எழுதினாலும் அந்தப் பெயரை மட்டும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். வேறு ஓர் எழுத்தும் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கேட்கவில்லை.

அந்த வருஷம் பங்குனியில் அத்தை காய்ச்சலில் இறந்துபோனாள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கோயமுத்தூரில் கல்லறைக் கல் செய்யும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை; அத்தையை ஊரில் எங்களோடு விட்டுவிட்டு வந்துபோய்க்கொண்டிருந்தார். முதலாளி எழுத்தை வரைந்து கொடுப்பார். மாமா உளியால் வெட்டுவார். பிறகு கல்லை வண்டியேற்றிக் கொண்டுபோய், செத்தவர்களின் தலைமாட்டிலோ நெஞ்சின் மேலோ சாந்து போட்டுப் பதித்துவிட்டு வருவார். மலைமேல் தேயிலைத் தோட்டத்துத் துரைமார்களுக்கெல்லாம் கல் பதித்த கை அது. அத்தையின் குழிமேல் மட்டும் ஒரு மரச்சிலுவை நின்றது. ஆடி முடிவதற்குள் கரையான் அதில் பாதியைத் தின்றுவிட்டது.

கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு மண்சுவர் ஒன்று உண்டு. அதற்கு அந்தப் பக்கம் மேல வளவுக்காரர்கள், நிலமுள்ளவர்கள். எல்லோருக்கும் பெயர் வெட்டிய கல் இருந்தது. இந்தப் பக்கம் நாங்கள், அவர்களுடைய சோளக்காடுகளில் வேலை செய்கிறவர்கள்; எங்களுக்கு மரச்சிலுவை. எங்கள் பக்கத்தில் பெயர் வெட்டிய கல் வைக்கக் கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் நான் படித்திருப்பேன். ஆனால் முன்பு ஒரு குடும்பம் வைத்தது. அந்தக் கல் துண்டு துண்டாக வாய்க்காலில் கிடந்தது. அந்த வருஷம் முழுவதும் அந்தக் குடும்பத்துக்கு ஒருவர் காட்டிலும் வேலை கொடுக்கவில்லை.

சிலுவை போனால் இடமும் போய்விடும். எங்கள் பக்கம் சிறியது. குழி வெட்டுகிறவர் அம்மாவிடம் நேராகவே சொன்னார்: "அடையாளம் இல்லாத எடத்துல வெட்டத்தானுங்க வெட்டுவேன். எலும்பு வந்தா ஓரமா எடுத்துப் போட்டுருவேன். என்னைக் கொற சொல்லக் கூடாது."

ஓரமா என்றால் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. சுவருக்கு ஓரமா, வேலிக்கு ஓரமா? நாய்கள் வேலிக்குள் நுழைகிற இடம் எனக்குத் தெரியும்.  பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு போய், மிச்சச் சிலுவை நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

ஐப்பசியில் மாமா வந்தார். சோளத்தட்டு ஏற்றிய வண்டியில், தட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றி ஒரு சலவைக்கல் வந்தது. முறத்தைவிடச் சற்றுப் பெரியது. ஒரு மூலை உடைந்திருந்ததால் முதலாளி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் செத்துவிட்டது. மேல வளவின் பெரியதனக்காரர் காட்டில்தான் அப்பாவுக்கு வேலை; கோயில் காரியங்களுக்கும் பெரியதனக்காரர் வைத்ததுதான் சட்டம்.

"மாப்ளே, நீ மோட்டார் ஏறி டவுனுக்குப் போயிருவே. நாளைக்கு நாந்தான் அவிய காட்டுல போயி நிக்கோணும்" என்றார் அப்பா.

"ஒண்ணும் ஆவாதுங்க மச்சான். நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துக்குவே? ஒடச்சதுக்கப்பறம் பொறுக்கிக் கொண்டாருவியா?"

மாமா என்னைக் கூப்பிட்டு, கரித்துண்டைக் கையில் கொடுத்தார். "அம்மணி, அத்தை பேரை எழுது. பெருசா எழுது."

  சுவருக்கு அந்தப் பக்கத்துக் கற்களை எட்டிப் பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் மனப்பாடம். பிறந்த நாள், இறந்த நாள், 'இவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி. எல்லாவற்றையும் எழுதலாம் என்றேன். மாமா வேண்டாம் என்றார். பெயர் போதும். வேண்டிக்கொள்ளச் சொல்லாமல் ஒரு கல்லறையா என்று எனக்கு வருத்தம். ஆனாலும் கல் நிறைய எழுதினேன். சுழிகளை உருட்டி, கால்களை நேராக இழுத்து, அதைவிட அழகாக நான் இன்றுவரை எதையும் எழுதியதில்லை.

வெட்டும் வேலை வீட்டுக்குள் நடந்தது. உளிச் சத்தம் வெளியே கேட்காமலிருக்க அம்மா வாசலில் உரல் போட்டுக் கம்பு குத்தினாள். மாமா தட்டும்போது அம்மாவும் குத்துவாள்; மாமா நிறுத்தினால் நான் கதவிடுக்கில் கையை நீட்டிக் காட்டுவேன், அம்மாவும் நிறுத்துவாள். எந்நேரமும் அவள் கண் தெருமேல்தான். பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, வாரம் பூராக் கம்பு குத்தறீங்களே, ஊட்டுல கண்ணாலமா?"

"கண்ணாலம்னா உனக்குச் சொல்லாமயா? கம்பு நனஞ்சுபோச்சு, அதான் குத்தி வெச்சுப்போடறேன்."

"நனஞ்ச கம்பா இந்தச் சத்தம் போடுது!"

அம்மா சிரித்தாள். உள்ளே நான் மாமாவின் சுத்தியலைப் பிடித்து நிறுத்தினேன்.

ஒருநாள் பெரியதனக்காரரின் பண்ணையாள் அப்பாவைத் தேடி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டான். மாமா கல்மேல் பாயை இழுத்துவிட, நான் அதன்மேல் படுத்துக்கொண்டேன். ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டான். வயிற்றுவலி என்றேன். அவன் போகும்வரை அத்தையின் பெயர் என் முதுகில் குளிர்ந்துகொண்டே இருந்தது.

எழுத்து முடிந்த பிறகு, மாமா கல்லைத் திருப்பிப் போட்டு, மணலும் தண்ணீரும் விட்டு முதுகுப்பக்கத்தை ஒருநாள் முழுக்கத் தேய்த்தார். மண்ணுக்குள் போகிற பக்கத்துக்கு இவ்வளவு வேலையா என்று கேட்டேன். "முதுகுன்னாலும் மொகமாட்டம் இருக்கோணும் கண்ணு" என்றார். டவுன் வேலை அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் ஊரே கல்லறைகளைச் சுத்தம் செய்யப் போகும். சுவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள், விளக்குமாறு, சுண்ணாம்புச் சட்டி. இவ்வளவு கண்களுக்கு நடுவில்தான் மாமா சாக்கு மூட்டையைத் தலையில் சுமந்து நடந்தார். அம்மாவும் நானும் பின்னால். அப்பா எங்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர்போல வெகுதூரம் தள்ளி, வேறு யார் வீட்டு விளக்குமாற்றையோ பிடித்துக்கொண்டு வந்தார்.

குழிமேல், கல்லின் அளவுக்குச் செங்கல் வைத்துத் தாழ்வான மேடை கட்டியாயிற்று. மாமா உட்கார்ந்து, சாக்கை லேசாக விலக்கி, "அம்மணி, எழுத்துக்குத் தலைமாடு எது?" என்றார். காட்டினேன். கல்லின் விளிம்பில் அந்த இடத்தில் கரியால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். பிறகு செங்கல்லின் நாலு ஓரமும் சாந்து வைத்தார். நடுவில் ஒரு கரண்டிகூட வைக்கவில்லை; அங்கே கை நுழையும் ஆழத்துக்கு வெற்றிடமாக விட்டுவிட்டார்.

"நடுவுல போடுலீங்களே மாமா."

"போதும் கண்ணு. போயி ஒரு கொடம் தண்ணி கொண்டா."

நான் கிணற்றிலிருந்து திரும்பி வந்தபோது கல் ஏறியிருந்தது. வழவழவென்று, வெள்ளை வெளேரென்று, ஓர் எழுத்தும் இல்லாமல் படுத்திருந்தது. குடம் இடுப்பிலிருந்து நழுவி, தண்ணீர் காலில் கொட்டியது. மாமா தப்பாகப் பதித்துவிட்டார்! கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். சுவரின் திறப்பு வழியாகப் பெரியதனக்காரர் தடியோடு வந்துகொண்டிருந்தார். பின்னால் மேல வளவு ஆட்கள்.

"ஏப்பா டவுன்காரா, என்னமோ கல்லு வந்திருக்குதுன்னாங்க?"

"ஆமாங்க சாமி. ஒடஞ்ச கல்லுங்க. சிலுவையக் கரையான் தின்னுபோடுது. குழி மாறிப்போவக் கூடாதேன்னு ஒரு அடையாளத்துக்குங்க."

"எழுத்துக் கிழுத்து?"

"நீங்களே பாருங்க சாமி."

அவர் குனிந்து உள்ளங்கையால் தடவினார். மாமா ஒருநாள் முழுக்கத் தேய்த்த வழவழப்பு அவர் கையை எங்கும் நிறுத்தவில்லை. நிமிர்ந்து தடியால் தட்டினார். ஓரத்தில் டக்கென்றது. நடுவில் டொம்மென்றது.

"என்னப்பா, உள்ளாற பொள்ளலா இருக்குது?"

தூரத்தில் அப்பாவின் விளக்குமாறு நின்றுவிட்டது. மாமா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "சாந்து பத்துலீங்க சாமி. ஈரமாத்தான் இருக்குது. நீங்க சொன்னா இப்பவே தூக்கி ரொப்பி வெச்சுப்போடறேனுங்க" என்று சொல்லி, கல்லின் அடியில் விரல்களைக் கொடுத்தார். தூக்கிவிடுவார் போலவே இருந்தது. அம்மாவின் நகம் என் கையில் ஏறியது.

பெரியதனக்காரர் கல்லைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "துரைமாருக்கும் இப்பிடித்தான் வெக்கறயா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "உடு, உடு. மொட்டையாவே கெடக்கட்டும்."

திரும்பியவர் என்னைப் பார்த்து நின்றார். "இந்தப் புள்ளைதான் பள்ளிக்கோடத்துல படிக்கறதா? எங்கே, இந்தக் கல்லுல என்ன எழுதியிருக்குதுன்னு படி பாக்கலாம்."

என் எழுத்து. சுழி உருட்டி, கால் இழுத்து எழுதிய என் எழுத்து, எனக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

"ஒண்ணும் எழுதுலீங்க" என்றேன்.

"செரியாத்தான் படிக்குது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அவர் போனார். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டிப் போகும்வரை நாங்கள் யாரும் அசையவில்லை. பிறகு அப்பா வந்து, இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கல் இன்றும் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த சிலுவைகள் போய்விட்டன. அந்தக் குழிகளில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். மொட்டைக்கல் இருக்கும் இடத்தில் யாரும் மண்வெட்டி வைப்பதில்லை. கல்லை எதற்குக் கவிழ்த்தார் என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வயதில் அவ்வளவு புத்தி இருந்தது. புரியாமல் போனது வேறு.

அன்று அவர்கள் போன பிறகு, அழுகையும் கோபமுமாக நான் கேட்டேன்: "ஒளிச்சு வெக்கறதுக்கு எதுக்கு மாமா என்னைய எழுதச் சொன்னீங்க? அதை ஆரு படிப்பா?"

மாமா கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.  விளிம்பில் போட்டிருந்த கரிக்கோட்டை விரலால் தொட்டுப் பார்த்து, "எழுத்தோட தலைமாடும் அத்தை தலைமாடும் ஒரே பக்கந்தானே அம்மணி?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"நல்லாத் தெரியுமில்ல?"

தெரியும் என்று கத்தினேன். என் படிப்பின்மேல் சந்தேகப்படுகிறாரே என்று எனக்கு ஆத்திரம். வீடு போய்ச் சேரும்வரை அவரோடு பேசாமலே நடந்தேன்.