கௌசலாவின் அன்னாசித் தேத்தண்ணி

கௌசலா பானைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. மூடியருகே காதைக் கொடுத்துக் கேட்பார். "இன்னும் கத்துது. கத்திறது நிண்டு முணுமுணுக்கத் தொடங்கினால்தான் தேயிலை போடலாம்" என்பார். அதுவரை நாம் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அகப்பைக் காம்பு நீளும்.

எங்கள் ஊர் கண்டாவளையில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அவருடைய குசினியைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம். அன்னாசித் தோல், தட்டிய இஞ்சி, கறுவாப் பட்டை, ஆளுக்கொரு கராம்பு. கடைசியில் பாதித் தோடம்பழத்தைப் பிழிந்து, அதன் தோலையும் உள்ளே போடுவார். ஐயோ, அந்த வாசம்! எழுதும்போதே எனக்கு வாய் ஊறுகிறது. பால் மட்டும் சேர்க்கவே மாட்டார். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "குடிச்சுப் பார்த்திட்டுக் கதையுங்கோ."

நாலு மாரியாக இதைச் சுடுதண்ணிப் போத்தல்களில் நிரப்பி, சைக்கிளில் கட்டி, பரந்தன் பஸ் நிறுத்தத்தில் நனைந்து நனைந்து விற்றார். போன மாரியில் சைக்கிள் சேற்றில் சறுக்கி, போத்தல்கள் உடைந்து, முழங்கையும் கிழிந்தது. அதனால்தான் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்று பிரதேச சபையார் ஒரு சின்னக் கடை கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனுசிக்கு நித்திரையே போய்விட்டது. கடை ஒன்று, கேட்டவர்கள் ஏழு பேர். வீடு வீடாக வந்து ருசி பார்த்து முடிவு சொல்வார்களாம்.

அவர்கள் வந்த அன்று பக்கத்து வீட்டிலிருந்து நானும் அங்கே போயிருந்தேன். வாகனம் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டது. சேலை மாற்றப் போயிருந்த கௌசலா ஓடிவந்து பானையில் காதை வைத்தார். முகம் வெளிறிவிட்டது. மூடியைத் திறந்தால், எல்லாம் திரைந்து கட்டி கட்டியாக மிதக்கிறது. பக்கத்தில் திறந்த பால்மா ரின்னோடு நிற்கிறார் மச்சாள் விமலேஸ்வரி, கணவரின் அக்கா.

"வாற பெரிய ஆக்களுக்கு வெறுந் தேத்தண்ணி குடுக்கிறதோ எண்டு போட்டனான் பிள்ளை. மரியாதை எல்லோ..."

எங்கள் பக்கத்தில் பால் தேத்தண்ணி பெரிய விசயம். வீட்டில் பால்மா முடிந்திருந்தால், விருந்தாளியை இருத்திவிட்டு அடுத்த வீட்டு வேலிக்கு ஓடுவோம். ஆனாலும் எனக்கு வந்த கோபத்துக்கு நல்லாய் ஏசியிருப்பேன். கௌசலா ஏசவில்லை. கண் கலங்கியது, அவ்வளவுதான். பானையைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் கவிழ்த்தார். அன்னாசித் தோலெல்லாம் அதோடு போய்விட்டது. வருகிறவர்களுக்கென்று தட்டில் வெட்டி அடுக்கியிருந்த அன்னாசித் துண்டுகளை அப்படியே புதுத் தண்ணீருக்குள் கொட்டினார்.

"மச்சாள், போய் அவையளோட கதைச்சுக்கொண்டிருங்கோ. பத்து நிமிசம் காணும்."

விமலேஸ்வரி கதைத்தார் பாருங்கள்! தன் முழங்கால் நோவில் தொடங்கி, குளத்து வான் கதவு திறந்தது வரைக்கும் போனார். வந்த மூன்று பேரும் ஒரு வார்த்தை இடையில் விட முடியாமல் கதிரையில் ஒட்டிப்போய் இருந்தார்கள். உள்ளே பானை முணுமுணுக்கத் தொடங்கியதும் கௌசலா தேயிலையைப் போட்டார்.

அவர்களுக்குள் பெரியவரான யோகநாதன் கோப்பைக்குள் பார்த்தார். "பால் இல்லையோ?"

"குடிச்சுப் பார்த்திட்டுக் கதையுங்கோ, ஐயா." என்றார் கௌசலா.

மனிதர் குடித்து முடித்து, வெறுங் கோப்பையை இன்னொரு தரம் நிரப்பச் சொல்லி நீட்டினார்.

கார்த்திகை முதற் கிழமை கௌசலாவின் கடை திறந்தாயிற்று. பஸ்ஸால் இறங்கியவர்கள் குடையும் கையுமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு விமலேஸ்வரி வந்தார், கையில் புதுப் பால்மா ரின். "இது கடைக்கு என்ர பங்கு பிள்ளை."

மழைக் காற்றுக்குக் கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. கௌசலா ரின்னை இரண்டு கையாலும் வாங்கினார். குனிந்து, கதவு அடிக்காதபடி அதை அண்டை கொடுத்தார். நிமிர்ந்து, கடையின் முதல் கோப்பையை மச்சாளின் கையில் வைத்தார்.