கருகிய பாகும் கன்னத்து வலியும்

கரும்புப் பாகு கருகும் வாசனை, வாய்க்கால் மேட்டில் வரும்போதே எனக்கு எட்டிவிட்டது. கொப்பரைக்கு நேர்மேலே குனிந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த என் கணவருக்கு எட்டவில்லை. கஞ்சித் தூக்கோடு ஓடிப்போய்க் கத்தினேன். அதற்குள் வெல்லம் கறுத்துவிட்டது. அந்தக் கணத்தில்தான் எனக்குத் தோன்றியது: இவருக்கு வலி பல்லில் இல்லை, மூக்கில்!

குருவிநத்தத்தில் அவர் காய்ச்சும் வெல்லத்துக்குத் தனி மதிப்பு. பாகு திரளும் நேரத்தை மணத்தைக் கொண்டே சொல்லிவிடுவார். போன மாசியில் பிடித்த சளி விட்டதுபோல் விட்டு, மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. இடக் கன்னத்தைப் பிடித்தபடியே திரிந்தார். கடைவாய்ப் பல் சொத்தை என்று தாமாகவே தீர்மானித்து, மதகடிப்பட்டுச் சந்தையில் பல் பிடுங்குகிறவனிடம் போகக் காத்திருந்தார்.

ஆலைக்காரர் கறுத்த வெல்லத்தைக் கிள்ளிப் பார்த்தார். "இன்னொரு கொப்பர இப்டி ஆச்சுன்னா, துடுப்ப வேற ஆளாண்ட குடுக்க வேண்டியதுதாம்பா" என்றார். என் கணவர் தலை குனிந்தார். குனிந்ததும் கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

"குனிஞ்சா ஜாஸ்தியா வலிக்குதா?" என்றேன்.

"மூஞ்சி கழண்டு வுழற மாரி இருக்குது. நாளைக்குச் சந்த. புடுங்கிப் போட்டுட்டா முடிஞ்சுது."

"எந்தப் பல்லு?"

ஒன்றைத் தொட்டார். யோசித்து அடுத்ததைத் தொட்டார். பிறகு அதற்கும் அடுத்ததை.

அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ளிக்கொண்டிருந்த அவருடைய கூட்டாளி சிரித்துவிட்டார். "மச்சான், நீ காட்டறதப் பாத்தா அவன் கோணி எடுத்தாந்துதான் உன் பல்ல வாரணும்!"

கல்யாணத்துக்கு முன் நான் புதுச்சேரியில் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே நோயுற்ற பிள்ளைகளைக் கவனித்த கன்னியாஸ்திரீயின் பின்னாலேயே ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டு திரிவேன். கன்னத்து எலும்புக்குள் சிறிய அறை ஒன்று உண்டு, சளியால் அதன் வழி அடைத்தால் உள்ளே சீழ் கட்டும், மேல்பற்களின் வேர் அதற்கு அடியிலேயே இருப்பதால் பல்வலி போலவே தோன்றும் என்று அவர் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் என் கணவரை வாசலில் உட்காரவைத்து, இரண்டு கண்களுக்கும் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். வலப்பக்கம் சும்மா இருந்தார். இடப்பக்கம் துள்ளினார். கரண்டிக் காம்பால் பற்களைத் தட்டினேன். இடப்பக்க மேல்வரிசை மொத்தமும் வலித்தது. கீழ்வரிசையில் ஒன்றும் இல்லை.

"இன்னாமே, பான வாங்கறவ மாரி தட்டிப் பாக்கற?"

"ஓட்டையா இருந்தா வேற பாத்துக்கலாம்னுதான்."

சிரிக்கப் போய்க் கன்னம் வலித்து நிறுத்தினார். "நாளு முச்சூடும் ஆவியிலதான நிக்கறேன்? மூக்கடப்பா இருந்தா அதுலயே வுட்டுப் போயிருக்காதா?"

வெல்லம் காய்ச்சுகிற எல்லாரும் நம்புவது இது. ஆனால் கொப்பரை ஆவியோடு சக்கைப் புகையும் சேர்ந்தல்லவா ஏறுகிறது! அந்தப் புகைதான் மூக்கின் உள்ளே வீங்க வைக்கிறது. மன்றாடிக் கேட்டேன்: "அடுத்த சந்த வரைக்கும் என் பேச்சக் கேளுங்க. கண்ணு வீங்கனா, காய்ச்சல் ஏறுனா, வலி கூடுனா பாகூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிடணும். அதுக்கு மட்டும் மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"சரி, டாக்டரம்மா" என்றார்.

காலையும் மாலையும் புகையில்லாத இடத்தில் வெந்நீர் ஆவி; முகம் வேகாதபடி தள்ளியே வைக்கச் சொன்னேன். வெதுவெதுப்பான துணியால் கன்னத்துக்கு ஒத்தடம். கொதிக்கவைத்து ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. தலையை உயர்த்திப் படுப்பது. முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மஞ்சளாகச் சளி இறங்கத் தொடங்கியது, எனக்குத்தான் எத்தனை சந்தோஷம்!

கொப்பரைக்கு என்ன செய்வது? நானே போய் நின்றேன். அவர் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு துடுப்புப் போடுவார். மணம் மாறும்போது அவர் முழங்கையைத் தொடுவேன்.

"மூக்கக் கையோடவே இட்டுகினு வந்துட்டியா, மச்சான்?" என்றார் கூட்டாளி.

"ஆமாண்டா, வூட்ல வெச்சா சண்ட போடுது" என்றார் இவர்.

வெல்லம் பொன்னிறமாகவே இறங்கியது. ஆலைக்காரர் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த கொப்பரைக்குச் சாறு ஊற்றச் சொன்னார்.

ஒருநாள் நான் தொடுவதற்கு முன்பே அவர் துடுப்பை உயர்த்தினார். "வந்துட்டுது" என்றார். திரும்பி என்னைப் பார்த்தார். "தலையில மல்லியா?"

"நேத்து வெச்சது. காஞ்சு போச்சு."

"காஞ்சாலும் வாசனையாத்தான் இருக்குது, போ."

துடுப்பு அவர் கையிலேயே இருக்கிறது. பற்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஆனால் புகையும் அங்கேயேதான் இருக்கிறது. அடுப்பு வாய் காற்றுக்கு எதிரே இருப்பதால், தள்ளுகிற சக்கையெல்லாம் காய்ச்சுகிறவர் முகத்துக்கே திரும்பிப் புகைகிறது. வாயைத் திருப்பி, பின்பக்கம் மண்குழாய் வைத்துப் புகையைக் கூரைக்கு மேலே விடலாம் என்று ஆலைக்காரரிடம் கேட்டேன். "வெல்லம் காச்சறதா, ரயிலு வுடறதா?" என்றார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிற பருவத்தில் முதல் கொப்பரை ஏறுவதற்கு முன், ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்கப் போகிறோம். குழாய்க்கு மண் மிதிப்பது தன் வேலை என்று என் கணவர் சொல்லிவிட்டார்.