காலண்டர் தாளின் பின்பக்கம்

நான் எழுத ஆரம்பித்தது காலண்டரோடு போட்ட சண்டையில்தான்.

எழுபதுகளின் கடைசி. ஆரணியில் நாங்கள் இருந்த தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத்தறி. என் வீட்டுக்காரர் நெய்வார். சேலைக்கான டிசைனை நான் கிராப் பேப்பரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பேன். நான் போடும் மாங்காய் டிசைனுக்குத் தெருவில் நல்ல பேர். அந்த வருடம் எங்களுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் செத்துப்போனான். அதற்குப் பிறகு எனக்குக் கோடு வரவில்லை. பென்சிலை எடுப்பேன், கட்டத்தைப் பார்ப்பேன், பென்சிலைச் சீவுவேன். எட்டு மாதத்தில் ஒரு டஜன் பென்சிலைச் சீவியே தீர்த்தேன்.

மளிகைக் கடையில் இனாமாகக் கொடுத்த தினசரி காலண்டர் சமையலறையில் தொங்கியது. தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு சொல்லாகப் பலன் போட்டிருக்கும். ஒரு நாள் காலை என் ராசிக்கு 'மகிழ்ச்சி' என்றிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் "எங்கேடா?" என்று எழுதினேன். போதவில்லை. யாரைக் கேட்டு அச்சடித்தாய், எட்டு மாதமாக இந்த வீட்டில் எவன் சிரித்தான் என்று அடிவரை எழுதினேன். இடம் முடிந்ததும் எழுந்து உலை வைத்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அன்றைக்குச் சோறு குழையவில்லை.

மறுநாள் 'லாபம்'. வாங்கிய தேங்காய் அழுகலாக இருந்ததையும், கடைக்காரன் மாற்றித் தர மாட்டேன் என்றதையும் எழுதினேன். 'பகை' வந்த நாளில் குழாயடிச் சண்டை. 'பயணம்' வந்தபோது நான் போனது வாசலுக்கும் கொல்லைக்கும், அதையும் விடவில்லை. என் ராசிக்குப் போட்ட சொல்லையே திரும்பப் போட்டால் வீட்டுக்காரர் ராசியை எடுத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் மனசு சரியில்லை என்றால் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தினமும் எழுதச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். அதனால் எனக்குத் துக்கம் தீர்ந்துவிடவில்லை. பென்சில் சீவுவது நின்றது.

ஒரு நாள் 'அமைதி' என்று வந்தது. அன்று பிள்ளையைப் பற்றி எழுதினேன். அவன் அழவே இல்லை; இடது காது நுனி உள்ளே மடங்கியிருந்தது; விரலால் நீவிவிட்டேன், மறுபடி மடங்கிக்கொண்டது. அவனுக்குப் பேர் வைக்கவில்லை. போட்டோ இல்லை. வீட்டுக்காரர் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் இருந்தான் என்பதற்கு அந்தத் தாள் ஒன்றுதான். மற்ற தாள்களோடு அதையும் பிஸ்கட் டின்னில் வைத்தேன்.

வந்தவாசியில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்தால், டின் காலி.

"இதுல இருந்த தாளெல்லாம் எங்கங்க?"

"சேலைக்கு வெச்சிட்டேன்" என்றார். தறியிலிருந்து நிமிரவில்லை.

சேலையை மடிக்கும்போது சரிகை உரசாமல் நடுவில் தாள் வைப்பது வழக்கம். "முதலாளியோட ஆளு ஜல்தி ஜல்தின்னு நின்னுகினு இருந்தான். கையில கெடச்சத வெச்சிட்டேன்."

செருப்பு மாட்டினேனா என்று நினைவில்லை. சேலை வாங்கும் முதலாளியின் கடையில் போய் நின்றேன்.

"தாளாம்மா? பத்திரமா கீது. நான் ஒண்ணும் படிக்கல" என்று ரப்பர் பேண்டு போட்ட கட்டைக் கொடுத்தார். பிறகு, "ஆமா, அந்தத் தேங்காய மாத்திக் கொடுத்தானா இல்லியா?" என்றார்.

"இல்லீங்க."

"அயோக்கியப் பய" என்றார்.

அங்கேயே பிரித்துப் பார்த்தேன். 'அமைதி' இல்லை. பாவம், அவர் சேலையை மறுபடி பிரித்து உதறிக்கூடக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. கடைத்தெரு முழுக்க அழுதுகொண்டே வந்தேன். பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று வந்தேன்.

"எல்லாம் கெடச்சிச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணு இல்ல. போயிடுச்சி."

அவர் தறியை நிறுத்தினார். ஆணியில் தொங்கிய சட்டையின் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். "இது ஒண்ணு மிஞ்சிப்போச்சி. சேலை போனப்புறம்தான் படிச்சேன்." என் கையில் கொடுத்துவிட்டு, "இடது காது இல்ல. வலது" என்றார்.

"இடதுதாங்க."

"வலதும்மா. குழிக்குத் தூக்கிகினு போனது நானு. வழியெல்லாம் அதத்தான் பாத்துகினு போனேன்."

சொல்லிவிட்டு அழுதார். பிள்ளை போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

மறுநாள் கிராப் பேப்பரை விரித்தேன். கோடு வந்தது. ஒரு மாங்காய் போட்டு, அதன் நுனியை வலது பக்கம் உள்ளே மடக்கினேன். அவர் அதை அப்படியே நெய்தார். சேலையை இருவரும் கொண்டுபோனபோது முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இன்னாம்மா, நுனி மடங்கிகினு கீதே. டிசைன்ல தப்பு வுழுந்துடுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் சொன்னார்:

"தப்பு இல்லீங்க. அது அப்படித்தான் பொறந்திச்சி."