ஏழாம் எண் துணி

கம்பியில் பதினொரு துணி தொங்க வேண்டும். பத்துதான் தொங்கியது.

அம்மா விரல் விட்டு எண்ணினாள். பிறகு ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பிறகு கம்பியின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து இந்தப் பக்கமாக எண்ணிக்கொண்டு வந்தாள். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் பத்து பத்துதான் என்று எனக்கே தெரியும். பத்தாம் வகுப்பை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

மணி இரண்டு. நாலு மணிக்குப் பல் டாக்டர் தன் காரை எடுத்துப் போக வருவார்.

அம்மா கார் எஞ்சின் வேலை செய்கிறவள். தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட ஷெட். உள்ளே காரை உயரத் தூக்க ஒரு லிஃப்ட், இரண்டு ஜாக், சுவர் முழுக்க ஸ்பேனர்கள், ஒரு முக்காலி. முக்காலி வருகிறவர்களுக்கு. அம்மாவுக்கு உட்காரத் தெரியாது. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு லிஃப்டைச் சுற்றி நடந்துகொண்டே சாப்பிடுவாள். எங்காவது கிளம்பினால் பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு, "பூட்டினோமா?" என்று திரும்பி வருவாள். பூட்டு பாவம், தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அதை நாலு ஆட்டு ஆட்டிவிட்டு மறுபடி நிறுத்தத்துக்கு நடப்போம். பஸ் கண்ணில் படும் நேரத்தில், "கேஸை அணைச்சோமா?"

அப்பா பஸ் டிரைவர். "உன்னை மாதிரி நாலு பேர் ஏறினா போதும், என் வண்டி டிப்போவை விட்டே கிளம்பாது" என்பார். அவர் நேர்மாறு. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். ஸ்டியரிங் முன்னால் மட்டும்தான் விழித்திருப்பார், அது ஊர் செய்த புண்ணியம்.

அம்மா முன்பு இப்படி இல்லையாம். நாலு வருஷத்துக்கு முன் அவள் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு காருக்கு டர்போ மாட்டினாள். டர்போ பார்ப்பதற்கு இரும்பு நத்தை மாதிரி இருக்கும். எஞ்சின் வெளியே விடும் சூடான புகை அதன் ஒரு பக்கம் புகுந்து ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி எஞ்சினுக்குள் திணிக்கும். அடம்பிடிக்கிற பிள்ளைக்கு மூக்கைப் பிடித்துச் சோறு ஊட்டுவது போல. பிள்ளை கொழுகொழுவென்று ஆகும், கார் துள்ளும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சக்கரம் என்பதால் உள்ளே ஒரு சின்னத் திருகு விழுந்தாலும் கதை முடிந்தது. அதனால் வேலை நடக்கும்போது திறந்திருக்கிற வாயையெல்லாம் துணியால் அடைத்து வைப்பார்கள்.

அன்றைக்கு வேலை முடிந்ததும் ஃபோர்மேன், "துணியெல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டிருக்கிறார். "எடுத்தாச்சு சார், நான்தான் எடுத்தேன்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சாவியைத் திருகியதும் ஒரு விசில் சத்தம். அப்புறம் மிக்ஸிக்குள் கரண்டி விழுந்த சத்தம். டர்போவும் போச்சு, எஞ்சினும் போச்சு. யாரும் திட்டவில்லையாம். மறுநாள் காலையில் அவளைக் கார் கழுவும் பக்கம் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான். எட்டு மாதம் கழுவினாள். அப்புறம் விலகி வந்து இந்த ஷெட்டைப் பிடித்தாள்.

அதற்குப் பின் அவள் டர்போவைத் தொடவில்லை. பல் டாக்டர்தான் தன் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஒண்ணு இல்லம்மா, ரெண்டு டர்போ மாட்டணும். கிட் வாங்கிட்டேன். பெரிய இடத்துல எல்லாம் எஞ்சின் பக்கத்துல அதுக்கு இடமே பத்தாதுன்னு கைவிரிச்சுட்டாங்க" என்றார். அம்மா மூன்று நாள் அந்த எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நாலாவது நாள் சரி என்றாள். இது சொதப்பினால் மறுபடி வாளியும் நுரையும்தான் என்று அவள் வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து பூட்டை ஆட்ட மூன்று தடவை திரும்பி வந்தாள்.

இந்த முறை அடைப்புத் துணி எல்லாம் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். ஒரு பழைய போர்வையைக் கிழித்து, ஒவ்வொன்றிலும் மார்க்கரால் பெரிய எண் போட்டாள். எந்த எண் எந்த வாயில் இருக்கிறது என்று நோட்டில் படம். வாயிலிருந்து எடுத்த துணி அந்தக் கணமே கம்பிக்குப் போக வேண்டும். இப்போது கம்பியில் இல்லாதது ஏழு. நோட்டைப் பார்த்தோம். இடது டர்போவின் காற்று வாய்.

துணி எங்கே என்று எனக்குத் தெரியும். அதுதான் வம்பு.

காலையில் அம்மா ஏழாம் எண் துணியை வெளியே எடுத்த நேரம் பார்த்து, ஒயரிங் செய்ய வந்த ஃபியூஸ் அண்ணன் காருக்குள்ளிருந்து, "அக்கா, இந்த மஞ்சள் ஒயர் எங்க போகுது?" என்று கத்தினான். துணியை மேஜையில் போட்டுவிட்டு அம்மா ஓடினாள். திரும்பி வந்து பைப்பை மாட்டி, கிளாம்ப்பை முடுக்கி, அடுத்த வேலைக்குக் காருக்கடியில் போய்விட்டாள். மேஜையில் ஆரஞ்சுத் துணி, அதில் கொழுத்த கறுப்பு ஏழு. பக்கத்தில் குனிந்து பையைக் கட்டிக்கொண்டிருந்த ஃபியூஸ் அண்ணனின் முதுகு, போஸ்டர் ஒட்டாத சுவர் மாதிரி. என் பையில் எப்போதும் ஊக்கு இருக்கும். அவன் "வரேன் அக்கா" என்று சொல்லிவிட்டு, ஏழாம் நம்பர் ஆட்டக்காரனாகத் தெருவில் இறங்கிப் போனான். நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"அம்மா, துணி உள்ள இல்ல. நான்தான் எடுத்தேன்" என்றேன்.

அம்மா திரும்பவே இல்லை. "எங்க?"

"ஃபியூஸ் அண்ணன் முதுகுல."

"அங்க என்ன பண்ணுது?"

சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணா, உங்க முதுகுல ஒரு துணி இருக்கா பாருங்க" என்றேன்.

"என் முதுகை நான் எப்படிப் பார்க்கறது?"

"சட்டையைக் கழட்டிப் பாருங்க."

சரசரவென்று சத்தம். "ஒண்ணும் இல்லையே. என்ன ஒட்டின?"

"வழியில யாராவது சிரிச்சாங்களா அண்ணா? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"என்னைப் பார்த்துத் தினமும்தான் சிரிக்கறாங்க. இன்னிக்கு மட்டும் என்ன விசேஷம்?"

அம்மா போனை அணைத்தாள்.

"வழியில விழுந்திருக்கும்மா. சத்தியமா நான் எடுத்ததைப் பார்த்தேன். இல்ல, நீ எடுத்ததைப் பார்த்தேன். எடுத்ததை நான் எடுத்தேன்."

"போன வாரம் என் செருப்புக்குள்ள கிரீஸ் தடவலேன்னும் சத்தியம் பண்ணின."

அது வேறு சத்தியம். ஆனால் அதை விளக்குகிற நேரமா அது? இதுவரை நான் சொன்ன பொய்யெல்லாம் ஷெட் வாசலில் வரிசையாக வந்து நின்று, "நாங்களும் சாட்சி" என்று பல்லைக் காட்டியது போல இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நானும் லிஃப்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன்.

அம்மா பத்து எம்எம் ஸ்பேனரை எடுத்தாள். இடது டர்போவின் வாய்க்குக் கை போக வேண்டுமென்றால் முன் பம்பரைக் கழற்ற வேண்டும். அப்புறம் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரை இறக்கி, அதற்குப் பின்னால் மூன்று கிளாம்ப். காலை முழுக்கச் செய்த வேலை.

அப்பா ஷிஃப்ட் முடிந்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்தபோது பம்பர் தரையில் கிடந்தது.

"என்ன, வந்த வழியே போறீங்க?" என்றார்.

"ஒரு துணி குறையுது. அந்தப் பக்கம் பிடிங்க."

அப்பா தூக்கை வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் முழுக்கதையும் எழுதியிருந்தது போல. "நீ வாயே திறக்காத" என்றார், நான் திறக்கும் முன்பே.

டாக்டர் மூன்றரைக்கே வந்துவிட்டார். நாளைக் காலையில் ரேஸ் டிராக்கில் அவருக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர் போலப் புதுச் சட்டை.

"என்னம்மா, நேத்து வண்டிக்கு முகம் இருந்துச்சு. இன்னிக்குக் காணோமே?"

அம்மா ஒளிக்கவில்லை. எது குறைகிறது, எங்கே இருக்கலாம், இருந்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். மகள் எடுத்ததாகச் சொல்கிறாள் என்பதையும் சொன்னாள்.

"அதான் பொண்ணு எடுத்தேங்கறாளே! மூடி ஸ்டார்ட் பண்ணுங்க. ரிஸ்க் என்னோடது."

"வண்டி உங்களோடது சார். வேலை என்னோடது."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். கூடவும் ஆகலாம்."

"நேத்து முடியும்னீங்க, இன்னிக்கு நாலு மணின்னீங்க, இப்போ ஆறுங்கறீங்க. நான் வேற ஆளைக் கூப்பிட்டு வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று டாக்டர் போனைக் கையில் எடுத்தார்.

கிளாம்ப்பைத் திருகிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அந்தக் கார் இப்படிப் பாதியில் வேறொருவர் ஷெட்டுக்குப் போனால் அவள் இன்னொரு டர்போவைத் தொட மாட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது.

பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமலே கேட்டார். "டாக்டர், ஒரு சந்தேகம். ஒருத்தர் பல்லுக்குள்ள பஞ்சை வச்சு மறந்துட்டோமோன்னு உங்களுக்குத் தோணினா, மேல சிமெண்டைப் பூசி மூடிட்டு, போயிட்டு வாங்கன்னு அனுப்பிடுவீங்களா?"

டாக்டர் போனைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

"ஒரு தடவை அனுப்பிட்டேன்" என்றார். "மறுநாள் காலைல அவர் வீட்டைத் தேடிக்கிட்டு நானே போனேன்."

"இருந்துச்சா?" என்று நான் கேட்டேன்.

"இல்ல. ஆனா அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்கல." போனைப் பையில் போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம்தான். பிறகு எழுந்து வந்து, "டார்ச்சாவது பிடிக்கறேன், குடுங்க. வாய்க்குள்ள வெளிச்சம் அடிச்சே பழகினவன்" என்றார்.

கழற்றுகிற ஒவ்வொரு வாயையும் அம்மா புதுத் துணியால் அடைத்தாள். எடுக்கும் துணியை இம்முறை கம்பியில் போடவில்லை. என்னை நடுவில் நிற்க வைத்து என் கையில் கொடுத்தாள். "நகர்ந்தே, காலை உடைப்பேன்." கம்பி இப்போது நான்.

கடைசிக் கிளாம்ப் கழன்றது. பைப் விலகியது. டாக்டர் டார்ச்சை அடித்தார். அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலை வாய்க்குள் விட்டாள். நானே எடுத்தேன், நானே குத்தினேன், இருந்தும் ஒருவேளை உள்ளே இருக்குமோ என்று எனக்கே பயம்.

காலி. சக்கரத்தை நுனிவிரலால் தள்ளினாள், அது சத்தமில்லாமல் சுற்றி நின்றது. மறுபடி தள்ளினாள். வலது பக்கத்தையும் திறந்தாள். அதுவும் காலி.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றேன்.

"நீ சொன்னப்பவே நம்பிட்டேன்."

"அப்புறம் ஏன் பிரிச்ச?"

"அன்னிக்கும் ஒருத்தி எடுத்தாச்சுன்னு சொன்னா. அவ பொய் சொல்லல. எடுத்ததாத்தான் நினைச்சா." விரலை என் சட்டையில் துடைத்தாள். "அவளைவிட எனக்கு நம்பிக்கையான ஆள் யாரு இருக்கா? அந்தக் கிளாம்ப்பை எடு."

எடுத்துக் கொடுத்தேன். கையில் இருந்த துணிகளை நானாகவே மூன்று தடவை எண்ணினேன்.

எல்லாம் மறுபடி மாட்டி முடிய ஆறேகால் ஆனது. அம்மா உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் பற்றாமல் வெறுமனே சுற்றும்படி சாவியைத் திருகினாள். வறண்ட டர்போவுக்கு முதலில் எண்ணெய் போய்ச் சேர வேண்டும். ஆயில் விளக்கு அணையும் வரை விட்டு விட்டு நாலு தடவை. பிறகு ஃபியூஸைச் செருகி, எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுத் திருகினாள்.

பற்றியது. உறுமியது. கரண்டிச் சத்தம் இல்லை. மெல்லிய இரண்டு விசில், ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல. அப்பா கையைத் தட்டினார். அம்மா தட்டவில்லை. காருக்கடியில் படுத்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தாள்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. மெதுவா" என்றாள் டாக்டரிடம்.

கார் தெருமுனை திரும்பியதும் அவள் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். சத்தம் தூரத்தில் தேய்ந்தபோது நின்றாள், மறுபடி கேட்டபோது நடந்தாள். டாக்டர் இறங்கினார், இரண்டு வரிசைப் பல்லும் தெரிந்தது. "அம்மா! இது வண்டியே இல்ல..." அம்மா அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. பானெட்டைத் திறந்து பைப்களைத் தொட்டாள். "இன்னொரு ரவுண்டு."

மூன்றாவது ரவுண்டு. நாலாவது ரவுண்டு. டாக்டர் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. அப்பா முக்காலியில் தூங்கிப்போனார். ஐந்தாவது ரவுண்டு வந்து நின்றபோது அம்மா பானெட்டின் மேல் கையை வைத்தாள். திறக்கவில்லை.

"போங்க சார்" என்றாள். "வீட்டுக்குப் போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

டாக்டர் திகைத்துப்போய் என்னிடம் குனிந்தார். "ஏம்மா, உங்கம்மாவுக்கு என் மேல கோபமா?"

"இல்ல சார். வேலை நல்லா வந்திருக்குன்னு சொல்றாங்க. சீக்கிரம் கிளம்புங்க. மனசு மாறிட்டா, பம்பரைக் கழட்டிடுவாங்க."

அவர் கிளம்பினார். அந்த இரட்டை விசில் பெரிய சாலையில் கலந்து காணாமல் போகும் வரை அம்மா வாசலிலேயே நின்றாள். பின்னாலேயே ஓடிவிடுவாளோ என்று நான் அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஓடவில்லை.