சிறுவாணியில் வராத குமிழ்

பீளமேட்டில் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறோம். இன்று காலை புதிய கருவியில் மின்சாரம் விட்டதும் சோடா திறந்ததுபோல் ஒரு சீறல். அது என்னைப் பெரியநாயக்கன்பாளையத்துப் பள்ளி அறிவியல் கண்காட்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் குடிக்கச் சிறுவாணி ஆற்றின் நல்ல தண்ணீர், துவைக்க அடிபம்பின் உப்புத்தண்ணீர். கண்காட்சிக்கு அம்மா சிறுவாணியைத்தான் பாட்டிலில் நிரப்பினாள். "நாலு பேரு பாக்கற எடத்துல உப்புத்தண்ணியா வெப்பாங்க கண்ணு?"

டம்ளரில் அதை ஊற்றி, இரண்டு பென்சில் கரிகளை நிறுத்தி, பேட்டரியோடு இணைத்தேன். குமிழே வரவில்லை. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவதற்குள் தலைமையாசிரியர் வந்துவிட்டார். வெயிலில் அலைந்த முகம். பாட்டிலைப் பார்த்து, "சிறுவாணிங்களா?" என்றார். என் பக்கத்தில் நின்ற அம்மா பெருமையாகத் தலையாட்டியதும் மொத்தத்தையும் குடித்துவிட்டார்.

நான் காலி பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். அம்மா வேறு வழியில்லாமல் பள்ளி அடிபம்பில் டம்ளரைப் பிடித்துவந்தாள். அதே பேட்டரிதான், கரிகளைச் சுற்றிக் குமிழ்கள் குபுகுபுவெனக் கிளம்பின.

"உப்பு இருந்தாத்தானுங்க கரண்டு லேசாப் போகும்" என்றார் தலைமையாசிரியர், வாயைத் துடைத்தபடி.

"அப்ப நீங்க குடிச்சது நல்லதாப் போச்சுங்க" என்றாள் அம்மா.

குறைந்த மின்சாரத்தில் நிறைய வாயு எடுப்பதுதான் இன்றும் என் பாடு. தண்ணீரை நன்றாகச் சுத்திகரித்து, பிறகு கரண்டு லேசாகப் போக, உப்புக்குப் பதில் அதில் பொட்டாஷ் என்ற காரத்தைக் கரைக்கிறோம். மதியம் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன்.

"சுத்தம் பண்ணிப்போட்டு மறுபடியும் உப்பா? அதுக்கு அடிபம்புலயே புடிச்சுக்கலாமில்ல கண்ணு?"