சிவப்புக் குமிழும் கேப்டனும்

விமானம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது வானமல்ல. கருவிப் பலகையில் இருந்த ஒரு சிவப்புக் குமிழ். எஞ்சினுக்குள் போகும் காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். முழுக்க உள்ளே தள்ளினால் பெட்ரோல் அதிகம். வெளியே இழுக்க இழுக்கக் குறையும். இந்த எளிய விஷயம் எங்கள் பயிற்சியாளருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவரைக் கேப்டன் என்போம். பயிற்சி விமானத்தைத் தாண்டி அவர் எதையும் ஓட்டியதில்லை. தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் மாடியில் வகுப்பு. அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார். ஒரு கோடையில், பறக்கும் பயிற்சிக்காக எங்களை மேட்டுநிலத்திலிருந்த விமானத் தளம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். அந்த உயரத்தில், அந்த வெயிலில், காற்று மெலிந்துவிடும். அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்காவிட்டால் எஞ்சின் திணறும். புறப்படும் முன், கையேட்டில் இருந்ததைச் சொன்னேன்.

“ஏம்மா, புக்கு படிச்சா ப்ளேன் பறக்குமா? மெட்ராஸ்ல எப்படியோ அப்படித்தான் இங்கயும். முழுசா உள்ள தள்ளு.”

தள்ளினேன். ஓடுபாதை பாதிக்கு மேல் கடந்தும் வேகம் ஏறவில்லை. எஞ்சின் இருமியது. கேப்டன் பொறுமையிழந்து விமானத்தை மேலே தூக்கும் தன் பக்கத்துப் பிடியை வெடுக்கென்று இழுத்தார். விமானத்தின் மூக்குதான் மேலே போனது. சில அடி எழும்பிய விமானம் அப்படியே தொங்க, எச்சரிக்கை ஒலி அலறியது. மாவீரர் பிடியை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் சீட் பெல்ட்டைப் பற்றிக்கொண்டார். நான் மூக்கைத் தாழ்த்தினேன். தரையை உரசாத குறையாகப் பறந்தபடியே குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தேன். எஞ்சின் சத்தம் தெளிந்தது, வேகம் சேர்ந்தது. வேலியைத் தாண்டி ஏறினோம்.

இறங்கியதும், “பொண்ணு பயந்துட்டா. நான் இல்லேன்னா அவ்ளோதான்,” என்று மெக்கானிக்கிடம் சொன்னார். சொல்லும்போதே டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டார்.

இன்று நான் பயணிகள் விமானம் ஓட்டுகிறேன். சென்ற மாதம் மயிலாப்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அந்தக் குரலைக் கேட்டேன். பக்கத்து இலைக்காரருக்கு அதே கதை. இப்போது அதில் நான் அழுது, மயக்கம் போட்டும் விழுந்திருந்தேன்.

எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன். “அந்தப் பொண்ணு நான்தான் சார்.”

வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்த என் அசட்டுத்தனத்தை என்ன சொல்ல! அப்பளத்தை நொறுக்கியபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பாத்தீங்களா? இன்னிக்கும் உயிரோட நிக்கிறா!”

பக்கத்து இலைக்காரர் நெகிழ்ந்துபோனார். “சாருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் போடுப்பா,” என்றார்.