மாட்டுப் பகுதியில் ஒரு வண்டிக்காரர்

நான் குமாஸ்தாவாக இருந்த முனிசிபாலிட்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மேகமலையைப் பார்த்தபடி, பெரியாற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, பள்ளத்தாக்கில் எங்கோ இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய கவுன்சிலர்களின் பேரன்கள்தான் இன்று எனக்கு மளிகை நிறுத்துப் போடுகிறார்கள். இந்த வயதில் அவர்களைப் பகைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

யுத்த காலம் அது. அரிசி விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. சிப்பந்திகளின் சம்பளம், படி, லீவு சம்பந்தப்பட்ட விதிகளைக் காலத்துக்கு ஏற்றபடி திருத்தி அனுப்பவேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எங்கள் விதிகளை எந்தக் காலத்தில் யார் எழுதினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எழுதியவருக்கு மனிதர்களைப் பிடிக்காது என்பது மட்டும் படித்தால் தெரியும்.

திருத்துவதற்கு மூன்று பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள். சேர்மன் ஒருவர், ஆற்றுப்பாசனத்தில் நிறைய வயல் உள்ளவர். ஏலக்காய் வியாபாரி ஒருவர். மலைக்கும் பஜாருக்கும் அலைந்து பணம் பண்ணியவர். மூன்றாமவர் ஜவுளிக்கடைக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். மூன்று பேரும் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். எனக்குத் தொண்டை பெரிசு என்பதால் விதிகளை உரக்க வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

விதிகளில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி மனிதர்களுக்கு. அதில் சம்பள வெட்டுத்தான் அதிகம். தெருவிளக்குக்காரருக்கு நிலாக் காலத்தில் வெட்டு. நிலாவே விளக்கெரிக்கிற வேலையைப் பார்த்துக்கொள்கிறதாம். காய்ச்சல் என்று வீட்டில் படுத்தால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவை படுத்தால் ஆளையே நீக்கலாம். தெருக் கூட்டும் பெண் பேறுகாலத்துக்குத் தங்கினால் அந்த வேலை இன்னொருத்திக்குப் போய்விடும்.

கமிட்டி ஒவ்வொரு வரியையும் சாங்கோபாங்கமாக விவாதித்தது. எதை மாற்றலாம் என்றாலும் சேர்மன், "பட்ஜெட்டு தாங்காதுப்பா" என்பார். பேறுகால விதியை வாசித்தபோது, "அது பழைய வழக்கம், இருந்துட்டுப் போகட்டும்" என்றார் ஏலக்காய்க்காரர். பியூனுக்குப் புதுக் காக்கிச்சட்டை தரலாம் என்று ஜவுளிக்கடைக்காரர் மட்டும் உருக்கமாகப் பேசினார். அவர் கடையில் காக்கி நிறைய தேங்கிக் கிடந்தது. மத்தியானம் வரை இப்படியே போய், முதல் பகுதியில் ஒரு மாற்றமும் இல்லை என்று முடிவாயிற்று.

இரண்டாம் பகுதி குப்பை வண்டி மாடுகளுக்கு. அதை நான் வாசிக்கத் தொடங்கியதும் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு, வைக்கோல் எல்லாம் அளவாகத்தான் எழுதியிருந்தது, ரூபாயாக இல்லை. அதனால் விலை எவ்வளவு ஏறினாலும் மாட்டின் வயிறு வாடாது. மாட்டுக்குக் காய்ச்சல் என்று மாட்டு டாக்டர் எழுதிக்கொடுத்தால் முழுத் தீவனத்தோடு ஓய்வு. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம். வயதான மாட்டை ஏலம் விடக்கூடாது, சாகிறவரை தீனி போடவேண்டும்.

"இவ்வளவுதானா?" என்று சேர்மன் கேட்டார். பரம்பரையாகப் பயிர் செய்கிற சம்சாரி அவர், மாடு என்றால் உருகிவிடுவார். "உழைக்கிற சீவன்யா. வாயில்லாதது. பிண்ணாக்கைக் கூட்டிப் போடு." கூட்டிப் போட்டேன். மழைக்குத் தொழுவத்தில் ஓலை மாற்றவேண்டும் என்று ஒரு சரத்து. அதையும் எழுதினேன். பிறகு ஏலக்காய்க்காரர் கையைத் தூக்கினார்.

"சினைப்பசுவுக்கு ஒண்ணும் சொல்லலியே. சினையா இருக்கையில வண்டி பூட்டப்படாது. ஈனுறதுக்கு முந்தியும் பிந்தியும் ஓய்வு. கன்னு போட்டதும் கருப்பட்டிக் களி."

"நம்மகிட்ட இருக்கிறது ரெண்டும் காளைங்கய்யா" என்றேன்.

"இருந்தா என்னப்பா? விதியில ஒரு கொறை இருக்கப்படாது."

பசுவுக்கு வேண்டாம் என்று சொல்ல அந்த ஊரில் எவனுக்கு வாய் வரும்? ஜவுளிக்கடைக்காரரும் தலையை ஆட்டினார். இல்லாத பசுவுக்குப் பேறுகால லீவு ஏகமனதாக நிறைவேறியது.

இதையெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் குப்பை வண்டிக்காரர். மெலிந்த உடம்பு, கறுத்த முகம், கண்ணில் எப்போதும் ஒரு மஞ்சள். எங்கள் பக்கத்துக் குளிர்காய்ச்சல் அவரை விடாமல் பிடித்திருந்தது. அந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு தடவை படுத்துவிட்டார். மூன்றாவது வந்தால் வேலை போகும், முனிசிபாலிட்டி கொடுத்த ஓட்டு வீடும் போகும். மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மழையும் காய்ச்சலும் எங்கள் ஊரில் சேர்ந்துதான் வரும்.

அவர் வாசலுக்கு வந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"என்னலே?" என்றார் சேர்மன்.

"ஒண்ணுமில்லங்கய்யா. மாட்டுக்குக் காச்ச வந்தா ஓய்வுங்கிறீக. எனக்குக் காச்ச வந்தா சீட்டைக் கிழிக்கிறீக. மூணு பேரும் ஒரே வண்டியிலதான் கெடக்கோம். என்னயவும் அந்தப் பக்கத்துல எழுதிப்புடுங்கய்யா."

நான் சிரித்துவிட்டேன். கமிட்டி சிரிக்கவில்லை. சேர்மன் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். போன தடவை இவர் படுத்தபோது வேறொரு ஆளை வண்டியோட்டச் சொன்னார்கள். மாடுகள் அவனை முட்டித் தள்ளிவிட்டு, சேர்மன் வீட்டு வாசலிலேயே குப்பையோடு படுத்துக்கொண்டன. அந்த நாற்றம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

"அவன் சொல்லுறதுலயும் நாயம் இருக்குய்யா" என்றார் அவர். "ஒரு ஏர் கூலிக்கு அனுப்புன்னா என்ன அனுப்புவோம்? ரெண்டு மாடு, கலப்பை, உழுகிற ஆளு. ஆளு தனி, மாடு தனின்னு எவனாச்சும் கேப்பானா? ஏருன்னா ஆளும் சேத்துத்தான். வண்டின்னாலும் அப்படித்தானே?"

ஆறு தலைமுறையாக ஏர் பிடித்த ஊர். அதற்கு மேல் வாதம் ஏது? மனிதர்கள் பகுதியிலிருந்து வண்டிக்காரரின் பெயரை அடித்துவிட்டு, மாட்டுப் பகுதியின் கடைசியில் நிறம், கொம்பு என்று கட்டம் போட்ட பட்டியலில் மூன்றாவதாகச் சேர்த்தேன். அவருக்குப் பருத்திக்கொட்டைக்குப் பதில் சோளம் என்று திருத்தம் போட்டார்கள். பிண்ணாக்குக்குப் பதில் பருப்பு. வைக்கோலுக்குப் பதில் என்னவென்று சொல்ல மறந்துவிட்டதால் அதுவும் மாதாமாதம் அவர் வீட்டுக்குப் போயிற்று. பொங்கலுக்குக் கொம்பு வர்ணமும் போயிற்று. கதவுக்குப் பூசிக்கொண்டார்.

விஷயம் வெளியே பரவியதும் ஆபீசே கிறுக்குப் பிடித்து அலைந்தது. தெருவிளக்குக்காரர் தானும் வண்டியைச் சேர்ந்தவன் என்று மனுக் கொடுத்தார். மண்ணெண்ணெய் டின் வண்டியில்தானே வருகிறது என்பது அவர் கட்சி. வரி வசூல் பியூன், தான் நாள் முழுக்க மாடாக உழைப்பதை ஊரே அறியும் என்று எழுதியிருந்தார். ஒருநாள் ஹெட் கிளார்க் என்னைத் தனியே கூப்பிட்டு, சாகிறவரை தீனி என்கிற சரத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மெதுவாக வாசிக்கவேண்டுமாம். அவருக்கு ரிட்டயர் ஆக ஒரு வருஷம்தான் பாக்கி.

மழை வந்தது. பின்னாலேயே காய்ச்சலும் வந்தது. வண்டிக்காரர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து நடுங்குவதைப் பார்த்து யாரோ வந்து சொன்னார்கள். விதிப்படி அவருக்கு மாட்டு டாக்டரின் சர்ட்டிபிகேட் வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டர் எழுதினால் செல்லாது. நானே அவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனேன்.

மாட்டு டாக்டர் கண்டிப்பான மனிதர். நான் கொடுத்த விதி நகலை இரண்டு தடவை படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வண்டிக்காரரை நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணிமையை விலக்கி, வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். அவரிடம் இருந்த படிவம் ஒன்றுதான். வயது என்ற இடத்தில் பல்லைப் பார்த்து, பல்லெல்லாம் முளைத்து முடிந்த மாட்டைச் சந்தையில் சொல்வதுபோல, 'கடை சேர்ந்தது' என்று எழுதினார். சுழி என்ற இடத்தில் 'குற்றமில்லை'. கொம்பு என்ற இடத்தில் 'இல்லை'. கீழே தீர்ப்பை எழுதினார்: "காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. பத்து நாள் நுகத்தில் பூட்டலாகாது. நிழலில் கட்டிவைத்துக் கஞ்சி கொடுக்கவும்."

வண்டிக்காரர் நடுக்கத்தோடேயே கேட்டார். "கட்டத்தான் வேணுமாங்கய்யா?"

"வேண்டாம். ஓடமாட்டே. ஆஸ்பத்திரியில கொய்னா மாத்திரை வாங்கித் தின்னுட்டுப் படு" என்றார் டாக்டர்.

பத்து நாள் படுத்திருந்தார். வேலை போகவில்லை, வீடு போகவில்லை, சோளம் நிற்கவில்லை. மாடுகள் ஒழுங்காக நிழலில் நின்று அசைபோட்டன. ஊர் நாறியது. சேர்மனோ, மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த வருஷம் மதுரையிலிருந்து தணிக்கைக்கு ஒருவர் வந்தார். தொழுவத்தைப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டு மாடுதானே நிக்குது? தீவனம் மூணுக்குப் போட்டிருக்கே?" என்றார். மூன்றாவதைக் கூப்பிட்டு அனுப்பினோம். அது வந்து கும்பிட்டது. தணிக்கைக்காரர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மனிதனை மாட்டில் சேர்த்தது முறைகேடு, உடனே நீக்கி, இதுவரை தந்ததை எல்லாம் பிடித்தம் செய்யவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

கமிட்டி மறுபடி கூடியது. மனிதனாக மாற்றிவிட்டால் பழைய மூன்று காய்ச்சலும் அந்த ஆள் கணக்கில் ஏறி, அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். வண்டிக்காரர் ஜன்னலுக்கு வெளியே அதே இடத்தில் நின்றார். மாட்டின் கழுத்துக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் உத்தரவை வாசித்து முடித்ததும் ஏலக்காய்க்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். முகம் சிவந்திருந்தது.

"கம்பம் கோயில் தொழுவுல சாமிக்கு மாடு விடுறோம். விட்டபெறகு எவனாச்சும் போயி, என் மாட்டைக் குடுன்னு பிடிச்சுட்டு வந்திருக்கானா? வந்தா வம்சம் விளங்குமா? மாட்டுக்குன்னு போட்ட தீனியை அதோட வாயில கையை விட்டுப் பிடுங்கச் சொல்லுறாகளா மதுரையில? அவுக பிடுங்கட்டும். நான் மாட்டேன்."

"அவரு மனுசன்னு எழுதியிருக்காகளேய்யா" என்றேன்.

"போன வருசம் வரைக்கும் மனுசன். நாமதான மாட்டுல விட்டோம்? விட்டது விட்டதுதான்."

சேர்மனுக்குப் பாவ பயம் வந்துவிட்டது. ஜவுளிக்கடைக்காரர், வேதத்திலும் போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்று இருப்பதாகச் சொல்லி ஆமோதித்தார். மேற்படி உருப்படியை மாட்டிலிருந்து நீக்க இந்தச் சபைக்கு அதிகாரம் இல்லை என்று நான் பதில் எழுதினேன். இதே மூன்று பேர் மனிதனுக்கு ஒரு நாள் லீவு தர மனம் வராதவர்கள். எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. எது மேலே நின்றது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மதுரையிலிருந்து பதில் வரவில்லை. யுத்த நெருக்கடியில் எங்கள் மூன்றாவது மாட்டை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அறுப்பு முடிந்த சமயம், வண்டிக்காரர் என் மேஜைக்கு வந்து நின்றார். வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பெண், துடைப்பத்தை வயிற்றுக்கு முன்னால் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவருடைய மருமகள். மேலத்தெரு கூட்டுகிறவள்.

"என்னப்பா, என்ன விஷயம்?"

"மருமக முழுகாம இருக்குய்யா."

"நல்ல விஷயந்தானே?"

"நல்ல விசயந்தான். ஆனா வகுறு வெளிய தெரிஞ்சா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாகள்ல. அதான் தொடப்பத்தை வச்சு மறைச்சுக்கிட்டுத் திரியுது." அவர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "சினைப்பசுவுக்குன்னு அன்னைக்கு ஒரு சரத்து எழுதுனீகளேய்யா. அதுல இன்னும் ஆரும் சேரலையே. சும்மாதானய்யா கெடக்கு. இதை அதுல எழுதிப்புடுங்கய்யா."

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் கேலி பேசவில்லை. தனக்குக் கிடைத்த நல்ல இடத்தில் தன் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் கேட்டார், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டேன். "எத்தனை மாசம்மா?"

"அஞ்சுங்கய்யா" என்றாள், துடைப்பத்தை விலக்காமல்.

மாட்டுப் பகுதியைப் பிரித்து, நான்காவதாக அவளை எழுதினேன். கொம்பு என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டேன்.